லேபர் வார்டுக்குள் போகும் முன் போட வேண்டிய ஊசிகள்: மகப்பேறு செவிலியர்களுக்கு விதிகள் என்ன சொல்கின்றன?

இரவு இரண்டு மணி. லேபர் வார்டில் ஒரு பிரசவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. குழந்தை அழுதுவிட்டது, நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டது. தாய்க்குத் தையல் போட்டு முடித்தாகிவிட்டது. ட்ரேயை ஒழுங்குபடுத்தும் மூன்றாம் ஆண்டு நர்சிங் மாணவியின் விரலில், கையுறையைத் துளைத்துக்கொண்டு தையல் ஊசியின் முனை ஏறுகிறது. வலி பெரிதாக இல்லை. ஒரே ஒரு துளி ரத்தம்.

சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு, பணியில் இருக்கும் டாக்டரிடம் போய் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வரும் முதல் கேள்விகள் இவைதான்: "ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டிருக்கியாம்மா? எத்தனை டோஸ்? டைட்டர் பார்த்தாச்சா?"

"போட்டேன்னு நினைக்கிறேன்" என்பதுதான் பல நேரங்களில் பதிலாக இருக்கிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

மூன்று டோஸ் முடித்து, ரத்தத்தில் போதிய எதிர்ப்பணுக்கள் இருக்கின்றன என்று எழுத்தில் இருந்தால், ஹெபடைட்டிஸ் பி விஷயத்தில் அந்த மாணவி எதுவும் செய்ய வேண்டியதில்லை. போய்த் தூங்கலாம். ஊசியே போடாதவராக இருந்து, அந்தத் தாய்க்குத் தொற்று இருந்தால், இம்யூனோகுளோபுலின் என்ற விலை அதிகமான ஊசியைத் தேட வேண்டும். முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். கூடவே தடுப்பூசியின் முதல் டோஸும். போட்டாரா இல்லையா என்றே தெரியாவிட்டால், அந்த நள்ளிரவில் ரத்தம் எடுத்து டைட்டர் பார்த்து, ரிப்போர்ட் வரும்வரை பதற்றத்தோடு காத்திருக்க வேண்டும். எச்ஐவிக்குத் தடுப்பூசி கிடையாது. அதற்கான தடுப்பு மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அது தனிக் கதை.

பிரசவம் பார்க்கும் கைகளுக்கான தடுப்பூசி விதிகள் ஏன் வந்தன, நம் ஊரில் அவை எந்த அளவுக்கு இருக்கின்றன, வேறு நாடுகளில் எப்படி என்பதைப் பார்ப்போம்.

முதலில், இங்கே மிட்வைஃப் யார்?

'மருத்துவச்சி' என்றதும் கிராமத்துப் பாட்டி நினைவுக்கு வரலாம். சட்டப்படி பார்த்தால் கதை வேறு. ஜிஎன்எம் என்ற பட்டயப் படிப்பின் விரிவே 'ஜெனரல் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி'. ஏஎன்எம் என்றால் 'ஆக்ஸிலரி நர்ஸ் மிட்வைஃப்'. பி.எஸ்சி நர்சிங் முடிப்பவரும் மாநில கவுன்சிலில் நர்ஸ், மிட்வைஃப் என்ற இரண்டு பெயரிலும்தான் பதிவு செய்கிறார். கிராம சுகாதார செவிலியரும் இந்தக் குடும்பம்தான். ஆக, இந்தியாவில் நர்சிங் படிக்கும் கிட்டத்தட்ட எல்லோருமே மிட்வைஃப் மாணவிகளும்தான் (மாணவர்களும்தான்). பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் தமிழ்நாடு என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு. அந்தப் பிரசவங்கள் எல்லாவற்றிலும் இவர்களில் யாரோ ஒருவரின் கை இருக்கிறது.

பிரசவ வார்டு மட்டும் ஏன் ஸ்பெஷல்?

இரண்டு காரணங்கள். ஒன்று, ரத்தம். அறுவை அரங்கில் ரத்தம் ஓரளவு திட்டமிட்டு வரும். லேபர் வார்டில் அப்படியில்லை. பனிக்குடம் உடைவது, கிழிசல், தையல் எல்லாமே அவசரத்தில் நடக்கின்றன.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். வேறு வார்டுகளில் நோயாளிக்குத் தடுப்பூசி போட்டு ஓரளவு பாதுகாக்கலாம். இங்கே இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் கர்ப்பிணி. தட்டம்மை, ரூபெல்லா, சின்னம்மை போன்ற உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளை அவருக்குப் போடக் கூடாது. இன்னொருவர் பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தை. அதற்குக் கக்குவான் இருமலுக்கான முதல் ஊசி ஆறாவது வாரத்தில்தான். அதுவரை தாயிடமிருந்து வந்த எதிர்ப்பணுக்களும், சுற்றி இருப்பவர்கள் நோயைக் கொண்டுவராமல் இருப்பதும்தான் பாதுகாப்பு. அதனால்தான் செவிலியரின் ஊசி இரண்டு திசையில் வேலை செய்கிறது. ஹெபடைட்டிஸ் பி ஊசி பெரும்பாலும் செவிலியரைக் காக்கிறது. எம்எம்ஆர், சின்னம்மை, கக்குவான், ஃப்ளூ ஊசிகள் அவர் தொடும் குழந்தையையும் தாயையும் சேர்த்துக் காக்கின்றன. 'என் உடம்பு, என் இஷ்டம்' என்ற வாதம் முதல் வகைக்குக் கொஞ்சம் பொருந்தும், இரண்டாவதில் தடுமாறும்.

ஹெபடைட்டிஸ் பி: ஊசியைவிட முக்கியமானது ரிப்போர்ட்

இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி தொற்றுடன் வாழ்பவர்கள் சுமார் 2.98 கோடி பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கை. இவர்களில் பெரும்பாலானோருக்குத் தொற்று இருப்பதே தெரியாது. இந்த வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். அதிக வைரஸ் உள்ள ஒருவரின் ரத்தம் பட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை. இதோடு ஒப்பிட்டால் எச்ஐவிக்கு அது சுமார் 0.3 சதவீதம்தான். ஆனால் வார்டில் எல்லோரும் பயப்படுவது எச்ஐவிக்கு. தடுப்பூசி இருக்கும் நோயைப் பற்றிய பேச்சு குறைவு.

ஊசியின் கணக்கு எளிமையானது: 0, 1, 6. முதல் டோஸ் இன்று, அடுத்தது ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாவது மாதத்தில். பெரியவர்களுக்குப் புஜத்தில்தான் போட வேண்டும். இடுப்பில் போட்டால் எதிர்ப்பு சக்தி சரியாக உருவாகாது. நடுவில் ஒரு டோஸ் தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 'கேப் விழுந்துடுச்சு, இனிமே போட்டு என்ன' என்று விட்டுவிடுபவர்கள் நிறைய பேர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் 'ஆன்ட்டி எச்பிஎஸ் டைட்டர்' என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரிப்போர்ட்டில் 10 யூனிட்டோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று அர்த்தம். (பிரிட்டன் கொஞ்சம் கறார்: 100-ஐத் தாண்டினால்தான் முழு திருப்தி, 10-க்கும் 100-க்கும் இடையில் இருந்தால் இன்னொரு டோஸ்.) ஆரோக்கியமான பெரியவர்களிலேயே 5 முதல் 10 சதவீதம் பேருக்கு மூன்று டோஸ் போட்டும் எதிர்ப்பு சக்தி வருவதில்லை. அவர்களுக்கு மறுபடி மூன்று டோஸ், மறுபடி டைட்டர். அப்போதும் வரவில்லை என்றால், ஏற்கெனவே தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் இல்லை என்றால் 'நான்-ரெஸ்பாண்டர்' என்று பதிவு செய்து, ஊசி குத்தினால் இம்யூனோகுளோபுலின் தேவைப்படும் என்பதைக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

நம் ஊரில் விடுபடுவது பெரும்பாலும் இந்த டைட்டர்தான். தனியார் லேப்களில் இந்தப் பரிசோதனைக்கு ஆகும் செலவு பல நேரம் ஒரு டோஸ் ஊசியின் விலையைவிட அதிகம். மூன்று டோஸ் போட்ட அட்டை இருந்தால் போதும் என்று கல்லூரியும் விட்டுவிடுகிறது, மாணவியும் விட்டுவிடுகிறார். நூறு மாணவிகள் உள்ள ஒரு பேட்ச்சில் ஐந்து முதல் பத்து பேர் அட்டையை நம்பி, பாதுகாப்பே இல்லாமல் வார்டில் நிற்க வாய்ப்பிருக்கிறது. யார் அந்தப் பத்து பேர் என்று அவர்களுக்கே தெரியாது.

'எனக்கு சின்ன வயசுலயே போட்டாச்சு' என்பவர்களும் கொஞ்சம் கவனிக்கணும். அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைட்டிஸ் பி நாடு முழுவதும் வந்தது 2011-ல்தான். தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களுக்குத் தனியார் மருத்துவமனையில் போட்டிருந்தால் உண்டு. குழந்தையில் போட்டவர்களுக்கும் இருபது வயதில் டைட்டர் 10-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். பயப்பட வேண்டாம், உடலின் நினைவாற்றல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரு பூஸ்டர் டோஸ் போட்டு, மறுபடி டைட்டர் பார்த்தால் தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பலருக்கும் தெரியாத விஷயம், இதற்கான நேரடியான விதி இருப்பது மருத்துவக் கழிவு பற்றிய சட்டத்தில். 2016-ம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவைக் கையாளும் எல்லா சுகாதார ஊழியர்களுக்கும் 'மற்றவர்களுக்கும்' ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசி போடப்படுவதை உறுதிசெய்வது மருத்துவமனையின் பொறுப்பு. பணியில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்து பதிவேடு வைக்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

பிரசவம் முடிந்த ட்ரேயைச் சுத்தம் செய்பவர், நஞ்சுக்கொடியை மஞ்சள் பையில் போடுபவர், ஊசியை வெள்ளை டப்பாவில் போடுபவர் எல்லோரும் கழிவைக் கையாளுபவர்கள்தானே? அப்படிப் பார்த்தால் கிளினிக்கல் போஸ்டிங்கில் இருக்கும் மாணவியும் அந்த 'மற்றவர்கள்' என்ற சொல்லுக்குள் வருகிறார் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. நடைமுறையில் அவர் கல்லூரிக்குச் சொந்தம் என்று மருத்துவமனையும், வார்டில் நடப்பது மருத்துவமனையின் பொறுப்பு என்று கல்லூரியும் நினைத்துக்கொள்வதுண்டு.

இதைத் தவிர, 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவதும் ஓர் அங்கம். நர்சிங் படிப்பில் சேர மருத்துவத் தகுதி வேண்டும் என்று இந்திய நர்சிங் கவுன்சிலின் விதியும் இருக்கிறது. ஆனால் அந்தத் தகுதிச் சான்றிதழ் பெரும்பாலும் ஒரு பக்கக் காகிதம். கண் பார்வை, ரத்த அழுத்தம், டாக்டர் கையெழுத்து. எந்தத் தேதியில் எந்த ஊசி, டைட்டர் எவ்வளவு என்ற கட்டங்கள் அதில் இருப்பது அபூர்வம்.

அமெரிக்காவில் இந்தப் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இல்லை. 1991-ல் வந்த ரத்தவழி நோய்க்கிருமி விதியின்படி, ரத்தம் படக்கூடிய வேலையில் ஒருவரைப் போட்டால் 10 வேலை நாட்களுக்குள் ஹெபடைட்டிஸ் பி ஊசியை முதலாளி இலவசமாக வழங்க முன்வர வேண்டும். ஊழியர் வேண்டாம் என்றால், வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னாளில் மனம் மாறினால் அப்போதும் இலவசம்தான். அங்கே சுகாதார ஊழியர்களிடையே புதிய ஹெபடைட்டிஸ் பி தொற்று 1983-ல் சுமார் 17,000 என்று மதிப்பிடப்பட்டது, 2010-ல் 263. ஊசி, கையுறை, பாதுகாப்பான ஊசிமுனை எல்லாம் சேர்ந்த பலன் அது. சுவாரசியம் என்னவென்றால், சம்பளம் வாங்காத மாணவர்கள் அந்த விதிக்குள்ளும் வருவதில்லை. அங்கேயும் கல்லூரி தனியாக விதி போட வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் எல்லாம் தையலைச் சுற்றித்தான்

பிரிட்டனில் வேலை தேடும் தமிழ்நாட்டு, கேரள நர்ஸ்களுக்கு 'ஈபிபி கிளியரன்ஸ்' என்ற சொல் பழக்கமானது. 'எக்ஸ்போஷர் ப்ரோன் ப்ரொசீஜர்' என்பதன் சுருக்கம் அது. செவிலியரின் கையில் காயம் பட்டால் அவருடைய ரத்தம் நோயாளியின் திறந்த திசுவில் கலந்துவிடக்கூடிய வேலைகள் என்று அர்த்தம். அதாவது, கேள்வி இங்கே தலைகீழ்: தாயிடமிருந்து செவிலியருக்கு அல்ல, செவிலியரிடமிருந்து தாய்க்குத் தொற்றுமா?

அங்குள்ள ஆலோசனைக் குழு பிரசவ வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது. சாதாரணப் பிரசவம் பார்ப்பது இந்தப் பட்டியலில் வராது. பிளாஸ்டிக் கருவியால் பனிக்குடத்தை உடைப்பது வராது. எபிசியோடமிக்காகக் கத்தரிக்கோலால் வெட்டுவதுகூட வராது. மிட்வைஃப் வழக்கமாகச் செய்யும் வேலைகளில் வருவது ஒன்றே ஒன்று: வெட்டியதையோ கிழிந்ததையோ தையல் போடுவது. விரல் நுனி உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஊசி முனைக்குப் பக்கத்தில் இருக்கும் நேரம் அதுதான்.

தையல் போடாமல் மிட்வைஃப் ஆக முடியாது என்பதால், இந்த வேலைகளுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்ஐவி மூன்றும் இல்லை என்ற ரத்தப் பரிசோதனை கேட்கப்படுகிறது. ரத்தம் எடுக்கும்போது அடையாள அட்டையைச் சரிபார்க்கிறார்கள். வேறு யாரோ ஒருவரின் ரத்தத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. இந்தியாவிலிருந்து எடுத்துப் போகும் ரிப்போர்ட் பல நேரங்களில் அங்கே செல்லாமல் போவதற்கு இதுதான் காரணம்.

கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அங்கே தடுப்பூசி போடாதவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. 'தொற்று இல்லை என்று நிரூபியுங்கள்' என்றுதான் கேட்கிறது. ஊசி போட்டும் எதிர்ப்பு சக்தி வராதவரும் தையல் போடலாம், ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொண்டால். ஹெபடைட்டிஸ் பி தொற்று உள்ளவரும்கூட, வைரஸ் அளவு 200 யூனிட்டுக்குக் கீழே இருந்து, நிபுணரின் கண்காணிப்பில் இருந்தால் வேலையைத் தொடரலாம். எச்ஐவி உள்ளவர்களுக்கு இருந்த முழுத் தடையை 2014-ல் நீக்கிவிட்டார்கள். மருந்து சாப்பிட்டு வைரஸ் அடங்கியிருந்தால் போதும்.

ரிப்போர்ட் பாசிட்டிவ் வந்தால் படிப்பு போச்சா?

இந்தப் பயம்தான் நம் ஊரில் பலரைப் பரிசோதனையிலிருந்தே விலகி ஓட வைக்கிறது. அட்மிஷன் நேரத்தில் எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்று வந்தால் சீட் போய்விடும், கல்யாணம் நின்றுவிடும் என்ற எண்ணம் இருக்கிறது. அந்தப் பயம் முழுக்கக் கற்பனையும் இல்லை.

எச்ஐவி விஷயத்தில் பாதுகாப்பு தெளிவாக இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம், சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதையும் படிப்பிலோ வேலையிலோ பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. தொற்று ஏற்படும் அபாயம் உள்ள வேலையிடங்களில் பாதுகாப்பு உபகரணங்களும், ஊசி குத்திய பிறகான தடுப்பு மருந்தும் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஹெபடைட்டிஸ் பி-க்கு இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. இது ஓர் ஓட்டை. வயதுவந்த பிறகு தொற்றினால் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தானாகவே குணமாகிவிடும். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் பெரும்பாலானோர் பிறக்கும்போதோ குழந்தைப் பருவத்திலோ வாங்கியவர்கள். அதாவது, அந்த மாணவிக்குத் தொற்று வந்தது, பெரும்பாலும், இருபது வருடத்துக்கு முன் ஒரு பிரசவ வார்டில், பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஒரு டோஸ் போடப்படாததால். அதற்காக இன்று அவரை வெளியே அனுப்புவது என்ன நியாயம்? தேசியத் திட்டத்தில் சிகிச்சை இலவசம். வைரஸ் அளவைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு நர்சிங்கின் பெரும்பாலான வேலைகளைச் செய்ய முடியும் என்பதற்கு பிரிட்டன் விதிகளே சாட்சி.

ரூபெல்லா: மாணவியைவிட சீனியருக்குத்தான் ஆபத்து

கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில் ரூபெல்லா வந்தால், வயிற்றில் உள்ள குழந்தை பாதிக்கப்படும் வாய்ப்பு 90 சதவீதம் வரை. கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. இந்தத் தொடர்பை 1941-ல் முதலில் கவனித்தவர் ஆஸ்திரேலிய கண் மருத்துவர் நார்மன் கிரெக். பெரியவர்களுக்கு இந்த நோய் லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். பல பேருக்கு வந்ததே தெரியாது. அப்படித் தெரியாமலே ஒரு செவிலியர் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் அறையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது 2017 பிப்ரவரியில். 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் போட்டார்கள். (வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்திகள் நினைவிருக்கலாம்.) கணக்குப் போட்டால், 2002-க்குப் பிறகு பிறந்தவர்கள் அந்த வலைக்குள் வந்தவர்கள். அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அரசுத் திட்டத்தில் தட்டம்மை ஊசி மட்டும்தான் இருந்தது, ரூபெல்லா கிடையாது. ஆக, இன்றைய கல்லூரி மாணவிக்குப் பாதுகாப்பு இருக்க வாய்ப்பு அதிகம். அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் ஸ்டாஃப் நர்ஸுக்கும் டியூட்டருக்கும் சந்தேகம். இயற்கையாகவே நோய் வந்து போய் எதிர்ப்பு சக்தி பெற்றவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். தெரியவில்லை என்றால் ரத்தத்தில் எதிர்ப்பணு பார்க்கலாம், அல்லது நேரடியாக இரண்டு டோஸ் எம்எம்ஆர் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருந்தாலும் ஊசியால் கெடுதல் இல்லை.

ஒரே நிபந்தனை, போடும்போது கர்ப்பமாக இருக்கக் கூடாது. போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். கல்யாணம் நிச்சயமான இளம் செவிலியர்கள் இந்த ஊசியை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

சின்னம்மைக்கும் இதே கதை. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்கு அம்மை போட்டால், குழந்தைக்கு அது உயிராபத்தாக மாறலாம். அம்மை வந்ததில்லை, ஊசியும் போட்டதில்லை என்ற ஒரு செவிலியர் அம்மை நோயாளியோடு ஒரே அறையில் இருந்துவிட்டால், அதன் எட்டாம் நாளிலிருந்து 21-ம் நாள் வரை அவரை நோயாளிகள் பக்கம் விடக் கூடாது என்பது உலகளவில் பின்பற்றப்படும் நடைமுறை. ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் ஓடும் வார்டில் இரண்டு வாரம் ஓர் ஆள் குறைவது என்றால் என்னவென்று டியூட்டி சார்ட் போடும் இன்சார்ஜ் சிஸ்டரைக் கேட்டால் தெரியும்.

கக்குவான்: ஆறு வார இடைவெளி

பிறந்தது முதல் ஆறாவது வாரம் வரை குழந்தைக்குக் கக்குவான் ஊசி இல்லை. பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் நீளும் இருமல். பச்சிளங்குழந்தைக்கு மூச்சே நின்றுபோகலாம். 2012-ல் இங்கிலாந்தில் கக்குவான் பரவி 14 பச்சிளங்குழந்தைகள் இறந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் கர்ப்பிணிகளுக்கு ஊசி போடும் திட்டம் தொடங்கியது. 2019-ல் கர்ப்பிணிகள், பச்சிளங்குழந்தைகளோடு வேலை செய்யும் ஊழியர்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. மிட்வைஃப்கள் அந்தப் பட்டியலின் மேல் வரிசையில் இருந்தார்கள்.

நம் அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குப் போடும் 'டிடி' ஊசியில் டெட்டனஸும் தொண்டை அடைப்பானும் மட்டும் உண்டு, கக்குவான் இல்லை. கக்குவானும் சேர்ந்த 'டிடாப்' தனியாரில் கிடைக்கிறது. மகப்பேறு வார்டில் வேலை செய்பவர் ஒரு டோஸ் டிடாப் போட்டுக்கொள்வது நல்லது. அதோடு ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி. சுகாதாரப் பணியாளர்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகமும் இதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் 'பரிந்துரை' என்றால் பெரும்பாலும் சொந்தச் செலவு.

கட்டாயப்படுத்தலாமா?

கோவிட் காலத்தில் இதற்கு ஒரு பரிசோதனை நடந்தது. இங்கிலாந்தில் நோயாளிகளை நேரில் சந்திக்கும் எல்லா சுகாதார ஊழியர்களும் 2022 ஏப்ரல் 1-க்குள் இரண்டு டோஸ் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வேலையில் இருக்க முடியாது என்று 2021 டிசம்பரில் விதி நிறைவேறியது. முதல் டோஸுக்குக் கடைசி நாள் 2022 பிப்ரவரி 3. தடுப்பூசியைத் தீவிரமாக ஆதரித்து வந்த மிட்வைஃப்களின் சங்கமே, 'தள்ளிப்போடுங்கள், ஏற்கெனவே ஆள் இல்லை, பிரசவ வார்டுகள் நிலைகுலையும்' என்று கேட்டது. கெடுவுக்கு மூன்று நாள் முன்பு, ஜனவரி 31 அன்று அரசு பின்வாங்கியது. மார்ச் 15-ல் விதி ரத்தானது.

இந்தியாவில் கோவிட் ஊசி சட்டப்படி கட்டாயமாக இருந்ததில்லை. 2022 மே 2-ல் ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது. பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்க அரசுக்கு இடம் உண்டு, ஆனால் அவை அளவோடு இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தத் தீர்ப்பை வைத்து ஹெபடைட்டிஸ் பி ஊசியை மறுக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டும் ஒன்றல்ல. ஹெபடைட்டிஸ் பி ஊசி பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பது. மருத்துவமனைதான் அதை உறுதிசெய்ய வேண்டும் என்று விதியும் இருக்கிறது. தவிர, நம் ஊரில் பிரச்சினை ஊசியை மறுக்கும் மாணவிகள் அல்ல. கேட்டால் போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவர்களை யாரும் கேட்பதில்லை என்பதுதான்.

சரி, இப்ப என்ன செய்யணும்?

படிப்பில் சேர்பவர் முதல் வேலையாக வீட்டில் பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுக்கணும். கிடைக்காவிட்டால் கவலைப்படாமல் புதிதாகத் தொடங்கலாம். எம்எம்ஆர், சின்னம்மை ஊசிகளை ஒரே நாளில் போடலாம். தனித்தனியாகப் போட்டால் நடுவில் நான்கு வாரம் வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, பேட்ச் எண், போட்டவர் கையெழுத்து மூன்றும் வாங்கி, போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள், ஆண்டு உடல் பரிசோதனையில் டைட்டர் பார்க்கச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்கலாம். 2016 விதிகளைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது என்றால் முதல் வாரத்திலேயே முதல் டோஸ். செப்டம்பரில் இரண்டாவது, பிப்ரவரியில் மூன்றாவது, மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ டைட்டர். எதிர்ப்பு சக்தி வராதவருக்கு மறுபடி மூன்று டோஸும் டைட்டரும் முடிய அடுத்த ஆண்டு டிசம்பர் ஆகிவிடும், அதாவது இரண்டாம் ஆண்டின் நடுப்பகுதி. மூன்றாம் ஆண்டில்தான் லேபர் வார்டு போஸ்டிங் என்றால் நேரம் இருக்கிறது. முதல் டோஸே போஸ்டிங்குக்கு முந்தைய வாரத்தில்தான் என்றால், அந்த ட்ரேயைத் தொடும் நாளில் அவர் கையில் கையுறை மட்டும்தான் இருக்கும்.